வெளிநாட்டு மாணவரை மாமல்லபுரமும் காஞ்சியும் கூட்டிப்போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்கு இரண்டு மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு, பெரும்பாலும் கூட வேலை பார்ப்பவர்கள் மேல்தான் விழும். சனி மாமல்லபுரம், ஞாயிறு காஞ்சிபுரம் என்பது அருமையான திட்டம். பல்லவர் என்ற ஒரே அரச மரபின் கதையை இரண்டு நாளில் கல்லிலேயே பார்த்துவிடலாம். அதைப் பலர் கெடுத்துக்கொள்வது வரிசையில்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடற்கரைக் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். போட்டோ எடுத்து, மீன் வறுவல் சாப்பிட்டு, வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு மற்றதையெல்லாம் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் வந்தவருக்கு எல்லாமே 'பழைய கோயில்கள்' என்று ஒன்றாகிவிடும். பல்லவர்கள் கல்லோடு செய்த சோதனை மூன்று படிகளாக இருக்கிறது: பாறையைக் குடைந்த மண்டபம், பாறையையே செதுக்கிய ரதம், கல்லை அடுக்கிக் கட்டிய கோயில். அந்த வரிசையிலேயே நடத்திப் போங்கள்.

காலை ஏழு மணிக்குள் அருச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தின் முன்னால் நில்லுங்கள். அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக விழும்போதுதான் உருவங்கள் எழுந்து நிற்கும். பிற்பகலில் போனால் நிழலில் பாதி மங்கிவிடும். இங்கே மகாபாரதக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பது இன்னொரு தவறு. பத்து நிமிடத்தில் பெயர்கள் குழம்பிவிடும். யானைக்குப் பக்கத்தில் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியிருக்கும் எலிகளையும் முதலில் காட்டுங்கள். பிறகு நடுவிலுள்ள பிளவையும் அதில் நீந்தும் நாகர்களையும் காட்டி, இது அருச்சுனன் தவம் என்போரும் உண்டு, பகீரதன் கங்கையை வரவழைத்த கதை என்போரும் உண்டு என்று சொல்லுங்கள். இரண்டு கருத்துகளையும் வைத்து அவரையே ஆதாரம் தேடச் சொன்னால், அரை மணி நேரம் போவதே தெரியாது.

அங்கிருந்து குன்றின் மேல் வராக மண்டபம், மகிடாசுரமர்த்தினி மண்டபம். இரண்டாவதில் ஒரு சுவரில் துர்க்கையின் போர், எதிர்ச்சுவரில் பள்ளிகொண்ட திருமால். நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்க்கவிடுங்கள். விளக்கம் அதிகம் தேவைப்படாது. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு சொல்வதை இந்த இடத்தில் சொன்னால் நன்றாகப் பொருந்தும்.

அடுத்து ஐந்து ரதங்கள். இவற்றுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை. பெயர்கள் பிற்காலத்தில் வந்தவை. அதை விட்டுவிட்டு 'பாண்டவர் கோயில்' என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கியதால் தருமராச ரதத்தின் அடிப்பகுதி முடியாமலே நிற்கிறது. வேலை நடந்த விதத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். தமிழில் அதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர். பக்கத்திலேயே ஒரு கல்யானையையும் நிறுத்தியிருக்கிறார்கள்! கடைசியாகக் கடற்கரைக் கோயிலுக்கு வாருங்கள். கல்லை வெட்டி அடுக்கிய கட்டடம் என்பது அப்போது யாரும் சொல்லாமலே புரியும்.

எதை யார் செய்தார் என்று அடித்துச் சொல்ல வேண்டாம். மண்டபங்களும் ரதங்களும் பெரும்பாலும் மாமல்லன் எனும் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தவை என்பது பரவலான கருத்து. எல்லாமே இராசசிம்மன் எனும் இரண்டாம் நரசிம்மவர்மன் படைப்பு என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். 'ரெண்டாயிரம் வருஷப் பழசு' என்பதும் வேண்டாம். இவை ஏழாம், எட்டாம் நூற்றாண்டு வேலைகள்.

நுழைவுக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. கவுண்டரில் வைத்துத் தெரியவந்தால் இருவருக்கும் சங்கடம். சார்க், பிம்ஸ்டெக் என்ற வட்டாரக் கூட்டமைப்புகளின் நாட்டினருக்கு இந்தியக் கட்டணம்தான். பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட் என்பதால் முதல் இடத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பலருக்கு யுபிஐ இருக்காது, கையில் ரொக்கம் இருக்கட்டும். டிரைபாட் கொண்டுபோனால் தொல்லியல் துறை அனுமதி கேட்பார்கள். கடலில் இறங்கிக் குளிக்க மட்டும் எவ்வளவு கேட்டாலும் விடாதீர்கள். இழுப்பு பலமான கரை அது.

இரவு தங்குவதானால், வெளிநாட்டவருக்கு அறை தருவார்களா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். வெளிநாட்டவர் தங்குவதை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அந்த வேலைக்குத் தயங்கி சின்ன லாட்ஜுகள் இரவு ஒன்பது மணிக்கு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பாஸ்போர்ட்டும் விசாவும் அசலாகவே இருக்கட்டும்.

இரண்டு ஊரையும் ஒரே நாளில் முடிப்பது நடக்காத காரியம். இடையே சுமார் 65 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும்; நண்பகலில் மூடினால் திறப்பது நான்கு மணிக்குத்தான். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கைலாசநாதர் கோயிலில் இருங்கள். செருப்பில்லாமல் நடக்கும் தரை பத்தரைக்கு மேல் சுடும். ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துவரச் சொல்லுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். சிற்பங்கள் மணற்கல், தொட்டால் உதிரும். ஆகவே தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே சொல்ல ஒரு நல்ல கதை உண்டு. 642-இல் மாமல்லன் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தான். ஏறக்குறைய நூறாண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் இறைவனுக்கே திருப்பித் தந்ததாக இங்குள்ள ஒரு தூணில் கன்னடத்தில் பொறித்துவைத்தான்.

பிறகு ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன் என்று பெரிய கோயில்களுக்கு மட்டும் போய்விட்டு வைகுந்தப் பெருமாள் கோயிலை விட்டுவிடுகிறார்கள். பல்லவர் வரலாறே அங்கே திருச்சுற்றுச் சுவரில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் அழைத்துவரப்பட்டு அரசனான இரண்டாம் நந்திவர்மனின் முடிசூட்டுவரை அதில் உண்டு. பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். வழிபாடு நடக்கும் கோயில்களில் கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதவரை விடாத இடங்கள் உண்டு. அதை வாசலில் காவலர் சொல்லித் தெரிந்துகொள்ள விடாமல், கிளம்பும்போதே நீங்கள் சொல்லிவிடுங்கள். எதுவரை போகலாம் என்று அர்ச்சகரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.