மடிக்கணினிக்கு ஏற்ற வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மடிக்கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தத் தனி மானிட்டர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் திரையின் அளவிலிருந்தே தேடத் தொடங்குகிறார்கள். மடிக்கணினியிலிருந்து தொடங்குவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கணினியின் போர்ட் (கேபிள் செருகும் துளை) எவ்வளவு தகவலை வெளியே அனுப்புமோ, அதற்கு மேல் எந்த மானிட்டராலும் காட்ட முடியாது.

படி 1: போர்ட்டை அடையாளம் காணுங்கள்

மடிக்கணினியின் இரு பக்கங்களையும் பாருங்கள். சற்று அகலமாக, கீழ் மூலைகள் உட்புறம் சரிந்திருக்கும் போர்ட் எச்டிஎம்ஐ. இதன் 1.4 பதிப்பு 4கே (3840×2160 புள்ளிகள் கொண்ட) படத்தை நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கும். அந்த வேகத்தில் மவுஸ் குறியை நகர்த்தினாலே திரை தத்தித் தத்தி நகர்வது தெரியும். 2.0 பதிப்பு அதே 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பித்துத் தரும். இரண்டு பதிப்புகளுக்கும் போர்ட்டின் வடிவம் ஒன்றுதான் என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீள்வட்ட வடிவில் சிறியதாக இருப்பது யுஎஸ்பி-சி. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே. தரவு, மின்சாரம், படம் ஆகிய மூன்றும் இந்த ஒரே துளை வழியாகச் செல்ல முடியும்; ஆனால் எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் படத்தை அனுப்புவதில்லை. அருகில் மின்னல் அம்புக்குறி இருந்தால் அது பெரும்பாலும் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு, அதில் படம் வரும். அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், விவரக்குறிப்பில் ‘டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட்’ (DisplayPort Alt Mode) என்ற சொற்கள் உள்ளனவா என்று தேடுங்கள்.

இரண்டு மானிட்டர்கள் வைக்க எண்ணுபவர்கள் கணினி எத்தனை வெளித் திரைகளை ஏற்கும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆப்பிளின் அடிப்படை எம்1, எம்2 சில்லுகள் கொண்ட மேக்புக் ஏர் கணினிகள் நேரடி இணைப்பில் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும்.

படி 2: அளவையும் தெளிவுத்திறனையும் சேர்த்தே பாருங்கள்

எழுத்துகள் கூர்மையாகத் தெரிவது திரையின் அளவைப் பொறுத்ததன்று. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) அடங்கியுள்ளன என்பதைப் பொறுத்தது. 1920×1080 தெளிவுத்திறன், அதாவது குறுக்கே 1920, உயரத்தில் 1080 பிக்சல்கள், 14 அங்குல மடிக்கணினியில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 157 பிக்சல்களைத் தருகிறது. அதே தெளிவுத்திறன் 24 அங்குல மானிட்டரில் 92 ஆகவும், 27 அங்குலத்தில் 82 ஆகவும் குறைந்துவிடுகிறது. பெரிய மானிட்டர் வாங்கியபின் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரிகின்றன என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இதுதான். ஆகவே 1920×1080 போதும் என்று முடிவு செய்தால் 24 அங்குலத்தைத் தாண்டாதீர்கள். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440 தெளிவுத்திறனைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். அதில் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல்கள் கிடைக்கும்.

27 அங்குலத்தில் 4கே, அதாவது 3840×2160, வாங்கினால் அந்த எண்ணிக்கை 163 ஆக உயரும். அப்போது எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரியும் என்பதால், கணினியின் அமைப்பில் அளவை 150 சதவீதமாக உயர்த்துவது வழக்கம். அவ்வாறு செய்தால் திரையில் கொள்ளும் பொருள் 2560×1440 மானிட்டரில் கொள்ளும் அளவே இருக்கும். எழுத்தின் விளிம்புகள் மட்டும் மிகத் தெளிவாகிவிடும். தமிழ் எழுத்துகளின் சுழிகளையும் புள்ளிகளையும் நாள் முழுவதும் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உண்மையிலேயே பயன் தரும். 2018இல் வெளிவந்த மொஹாவே பதிப்பிலிருந்து மேக் இயங்குதளம் எழுத்து விளிம்புகளை மென்மையாக்கும் பழைய முறையைக் கைவிட்டதால், மேக் பயனர்கள் இயன்றவரை 4கே பக்கம் செல்வது நல்லது.

படி 3: பேனல் வகை

பேனல் என்பது படத்தைக் காட்டும் திரைப் பலகை; ஐபிஎஸ், விஏ, டிஎன், ஓஎல்இடி ஆகியவை அதன் வகைகள். எழுத்து, கணக்கு, இணையம் போன்ற பொதுவான வேலைகளுக்கு ஐபிஎஸ் பேனலைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. விஏ பேனலில் கருமை ஆழமாக இருக்கும் என்பதால் இருட்டறையில் படம் பார்க்க அது சிறப்பு. டிஎன் பேனலைத் தவிர்க்கலாம். ஓஎல்இடி அழகானதுதான், ஆனால் பணிப்பட்டை போன்ற அசையாத உருவங்கள் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியும் வாய்ப்பு உண்டு என்பதால், அலுவலக வேலைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

புதுப்பிப்பு வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் போதுமானது. 75 அல்லது 100 கிடைத்தால் பக்கங்களை உருட்டும்போது சற்று இதமாக இருக்கும். அதற்கு மேற்பட்டவை விளையாட்டுகளுக்கானவை.

படி 4: தாங்கியைப் புறக்கணிக்காதீர்கள்

விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், கழுத்துக்கு மிக அதிகமாக உதவுவதும் உயரத்தை மாற்றக்கூடிய தாங்கியே. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். திரை ஏறத்தாழ ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். விலை குறைந்த மானிட்டர்களில் திரையை முன்பின் சாய்க்க மட்டுமே முடியும். அப்படிப்பட்டதை வாங்க நேர்ந்தால், பின்புறத்தில் வெசா (VESA) எனும் பொதுத்தர அளவிலான திருகுத் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். 100×100 மில்லிமீட்டர் அமைப்பு பரவலானது, பின்னாளில் தனியே ஒரு கைத்தாங்கி பொருத்திக்கொள்ளலாம். பளபளப்பில்லாத மேற்பரப்பும், ஒளித்துடிப்பு இல்லை (flicker-free) என்ற குறிப்பும் இருந்தால் நல்லது.

படி 5: ஒரே கேபிள் போதுமா?

யுஎஸ்பி-சி உள்ள சில மானிட்டர்கள் படத்தைப் பெற்றுக்கொண்டே மடிக்கணினிக்கு மின்சாரமும் தரும். மடிக்கணினியின் சார்ஜரில் அச்சிட்டுள்ள வாட் அளவைப் பாருங்கள். அது 65 வாட் என்றால், மானிட்டரும் 65 வாட்டோ அதற்கு மேலோ தர வேண்டும். குறைவாக இருந்தால் கடும் வேலையின்போது மின்கலம் மெல்ல இறங்கும். மானிட்டருடன் வரும் கேபிளையே பயன்படுத்துங்கள். செல்பேசி சார்ஜருடன் வரும் யுஎஸ்பி-சி கேபிள்கள் பலவும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் படத்தைக் கடத்தாது.

படி 6: இணைத்தவுடன் செய்ய வேண்டியவை

விண்டோஸில், விண்டோஸ் விசையுடன் பி (P) விசையைச் சேர்த்து அழுத்தி, திரையை நீட்டிக்கும் ‘எக்ஸ்டெண்ட்’ வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் காட்சி அமைப்புக்குச் சென்று, பரிந்துரைக்கப்பட்ட தெளிவுத்திறன் அமைந்துள்ளதா, புதுப்பிப்பு வேகம் 30இல் நின்றுவிடாமல் 60ஐ எட்டியுள்ளதா என்று பாருங்கள். மேசையில் மானிட்டர் எந்தப் பக்கம் உள்ளதோ, அமைப்புப் படத்திலும் அதே பக்கத்துக்கு அதை இழுத்து வையுங்கள். இல்லையெனில் மவுஸ் குறி எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். கடைசியாக வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை ஒவ்வொன்றாக முழுத்திரையில் காட்டி, நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி ஏதேனும் தெரிகிறதா என்று நெருங்கிப் பாருங்கள். இந்தச் சோதனையைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். அதுவரை பெட்டியையும் உள்ளிருந்த தெர்மாகோலையும் தூக்கி எறிய வேண்டாம்.