பார்த்த படத்தைப் பற்றிப் பயனுள்ள கருத்துச் சொல்வது எப்படி?

"படம் எப்படி?" என்று அண்ணன் மகளோ அலுவலக நண்பரோ கேட்டால், "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கேட்டவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. நான்கு பேர் திரையரங்குக்குப் போய்வர டிக்கெட், பாப்கார்ன், வண்டி நிறுத்தக் கட்டணம் என்று கணிசமாகச் செலவாகும் இக்காலத்தில், அந்தப் படம் தம் வீட்டாருக்கு ஒத்துவருமா என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார். திரைக்கதை இலக்கணமோ ஒளிப்பதிவுச் சொற்களோ தெரியாத, மாதத்துக்கு ஒன்றிரண்டு படம் பார்க்கும் சாதாரண ரசிகரும் இந்தக் கேள்விக்கு நல்ல விடை தர முடியும். அண்மை ஆண்டுகளில் வந்த தமிழ் நகைச்சுவைப் படங்களையும் குடும்பப் படங்களையும் வைத்து அதற்கான வழியைச் சொல்கிறேன்.

முதல் வேலை, படம் முடிந்து வெளியே வந்ததும், பிறர் விமர்சனங்களைப் பார்ப்பதற்கு முன்பே, மனத்தில் நின்ற காட்சிகளைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வது. யூடியூபில் இரண்டு விமர்சனங்களைக் கேட்டுவிட்டால், எது நம் கருத்து, எது காதில் விழுந்த கருத்து என்று பிரித்தறிவது கடினம். எங்கே, எப்போது பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். 2024இல் வந்த 'லப்பர் பந்து' படத்தில் அட்டகத்தி தினேஷ் நடித்த 'கெத்து' என்ற பாத்திரம் கிரிக்கெட் மட்டையோடு களமிறங்கும்போது, விஜயகாந்த் படப் பாடலான 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். நிறைந்த அரங்கில் அந்தக் காட்சி தரும் உற்சாகம், வீட்டில் ஓடிடியில் தனியாகப் பார்ப்பவருக்கு அதே அளவில் கிடைக்காது. ஆகவே "ஞாயிறு மாலைக் காட்சி, அரங்கு நிறைந்திருந்தது" என்ற ஒரு வரி உங்கள் கருத்தோடு அவசியம் இருக்க வேண்டும்.

நகைச்சுவைப் படமென்றால், சிரித்தோமா என்பதோடு நின்றுவிடாமல், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2025 ஜனவரியில் வெளியான 'குடும்பஸ்தன்' படத்தில் மணிகண்டனின் நவீன் வேலையை இழக்கிறார்; அதை வீட்டில் மறைக்கிறார்; கடன் வாங்கிச் சமாளிக்கிறார்; ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய் தேவைப்படுகிறது. பணத்தை வைத்தே மனிதர்களை எடைபோடும் அக்காள் கணவராகக் குரு சோமசுந்தரம் எதிரே நிற்கும்போது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் எவருக்கும் அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் பதற்றம் புரியும். இது சூழ்நிலையிலிருந்து பிறக்கும் சிரிப்பு. மாறாக, ஒருவரின் உடற்பருமனையோ நிறத்தையோ திக்குவாயையோ கேலி செய்து வரவழைக்கும் சிரிப்பும் நம் படங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அத்தகைய வசனங்கள் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு எந்த நட்சத்திர மதிப்பெண்ணையும்விட அந்தத் தகவலே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

சிரிப்பு எந்த இடத்தில் வலியாக மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். 2023இல் வந்த 'குட் நைட்' படத்தின் தொடக்கத்தில், அலுவலக நண்பர்கள் 'மோட்டார் மோகன்' என்று கிண்டலடிக்கும் அளவுக்கு மோகனின் குறட்டை நம்மைச் சிரிக்கவைக்கிறது. திருமணத்துக்குப் பின் அதே ஒலிதான் அனுவின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவரோ கணவரின் மனம் நோகுமென்று அதைச் சொல்லாமல் தாங்கிக்கொள்கிறார். முதலில் சிரித்த நாம் பிற்பகுதியில் அதே குறட்டைக்குச் சங்கடப்படுகிறோம். "முதல் பாதி காமெடி, இரண்டாம் பாதி இழுவை" என்று சொல்வது எளிது. அந்த மாற்றம் உங்களை ஒட்டவைத்ததா, விலக்கியதா என்று சொன்னால்தான் கேட்பவருக்குப் படத்தின் தன்மை தெரியும்.

குடும்பப் படங்களுக்கு அளவுகோல் வேறு. கண்ணீர் தானாக வந்ததா, இசை வற்புறுத்தியதால் வந்ததா என்று பாருங்கள். 'மெய்யழகன்' படத்தில், சொத்துத் தகராறால் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்து வந்து, திருமண மேடையில் தங்கைக்கு நகைகளை அணிவிக்கும் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்தது. பெரிய வசனம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆயினும் படம் நீளம் என்று பலரும் குறைப்பட்டார்கள். வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. இதுபோன்ற படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்று குறிப்பிடாவிட்டால், நீங்கள் ரசித்த உரையாடலைக் கேட்பவர் பார்க்காமலே போகக்கூடும்.

2024 ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வந்தன. முன்னது பாட்டும் இசையுமாகப் பார்ப்பவரை நேரடியாக உருகவைக்கும் படம். பின்னதில் பின்னணி இசையே கிடையாது, நாயகி மீனாவோ படம் முழுவதும் ஏறக்குறைய வாய் திறப்பதில்லை. ஒன்றின் தராசில் மற்றொன்றை நிறுத்தால் இரண்டுக்குமே அநீதி செய்தவர்களாவோம்.

குறை சொல்வதானால் காட்சியோடு சொல்லுங்கள். 'டூரிஸ்ட் ஃபேமிலி' எனக்குப் பிடித்த படம். இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்திறங்கி, சென்னையில் தங்களைக் கேரளத்துக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதை அது. கரையில் பிடிபட்டவர்களைக் காவலர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். குடியேறிய தெருவில் ஏறத்தாழ எல்லாருமே நல்லவர்களாகிவிடுகிறார்கள். உண்மையில் அகதிகளுக்கு நம் ஊர் அவ்வளவு எளிதாகக் கதவு திறக்கிறதா என்ற கேள்வி எனக்கு உண்டு. படத்தைப் புகழும்போதே இதையும் சொல்லலாம். இரண்டும் முரண்பட்டவை அல்ல. "லாஜிக் இல்லை" என்று பொதுவாக ஒதுக்குவதைவிட இது கேட்பவரைச் சிந்திக்கவைக்கும்.

கதையின் திருப்பத்தை உடைக்காதீர்கள். இடைவேளை வரை நடப்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும். வசூல் கணக்கு தயாரிப்பாளரின் கவலை, அதை விட்டுவிடலாம்.

கடைசியாக, யாருக்கு ஏற்ற படம் என்று பெயர் சொல்லியே பரிந்துரையுங்கள். மாமியார் மருமகள் சேர்ந்து சிரிக்க 'லப்பர் பந்து' என்றும், வாடகை வீட்டில் இருக்கும் நண்பருக்கு, வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரு குடித்தனக்காரர்கள் மோதும் 'பார்க்கிங்' என்றும் நான் சொல்வதுண்டு. பேச்சுக் குறைந்த, முடிவை நம்மிடமே விட்டுவிடும் 'கொட்டுக்காளி'யை, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, பொறுமையாகப் பார்க்கக்கூடியவருக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன்.