கிளாக்கோமா நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி

பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு பழுதாகும் நோயான கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து எழுதித் தரும்போது "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "வீட்டில் கேட்டால், இந்த மருந்து எதற்கென்று சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். முன்னதற்குப் பயத்திலும் மரியாதையிலும் பலர் தலையாட்டிவிடுவார்கள். பின்னதற்கு "பார்வை திரும்ப" என்று பதில் வந்தால், அங்கேயே திருத்திவிடலாம்: இழந்த பார்வை திரும்பாது, கண் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கவே மருந்து. இது தெரியாமல், பலனே இல்லையென்று முதல் பாட்டிலோடு நிறுத்திவிடுபவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

திடீரென அழுத்தம் ஏறி, கடும் கண்வலியும் வாந்தியுமாக வருபவரிடம் இந்தக் கேள்வி வேண்டாம், முதலில் சிகிச்சை. கிளாக்கோமா என்ற செய்தி கேட்டு அழுபவரிடமும் உடனே கேட்காதீர்கள். அவர் தேறும்வரை பேசாமல் அருகில் இருங்கள்.