துணிச் சுவருக்குள் நாயோடு ஓர் இரவு: கிளாம்பிங் போகிறவர்களும் பரிசு தருகிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு இரண்டு மணி இருக்கும். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகும் பக்கம் ஒரு கூடாரத் தங்குமிடம். தடித்த மெத்தை, கம்பளி, சுடுதண்ணீர் வரும் குளியலறை, மஞ்சள் விளக்கு என்று எல்லாம் இருந்தது. கால்மாட்டில் படுத்திருந்த எங்கள் சிப்பிப்பாறை நாய் திடீரென்று எழுந்து நின்றது. குரைக்கவில்லை. முதுகு நெடுக மயிர் சிலிர்த்திருந்தது. தொண்டைக்குள் மட்டும் ஓர் உறுமல். அப்புறம்தான் எனக்கும் கேட்டது. புல்லைப் பிடுங்கி மெல்லும் சத்தம், நடுநடுவே ஒரு பெருமூச்சு. துணிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. வளர்ந்த கடா என்றால் ஒரு டன் எடைகூட இருக்கும். நாயின் வாயை மெல்லப் பொத்தி, நெஞ்சோடு அணைத்தபடி அது நகர்ந்து போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கிளாம்பிங் என்றால் நட்சத்திர ஓட்டல் வசதியோடு கூடாரத்தில் தங்குவது. வசதி கண்ணை நிறைத்துவிடுவதால் சுவர் வெறும் துணி என்பது மறந்துபோகிறது. நாயோடு போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மறதியில்தான் தொடங்குகின்றன. இப்படிப் போகிறவர்களுக்குப் பரிசு வாங்குகிறவர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

“நாய் கூட்டிட்டு வரலாம்” என்ற ஒரு வார்த்தையை நம்புவது

போனில் “வரலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்பார்கள். போய் இறங்கினால் “நாய அந்த ஜெனரேட்டர் ஷெட்டுல கட்டிக்கோங்க” என்பார்கள். எனக்கே ஒரு முறை நடந்தது. முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று வண்டியைத் திருப்பிவிட்டேன். அதனால் இப்போது நேராகவே கேட்கிறேன். நாய் எங்கே தூங்கும், எங்களோடு கூடாரத்துக்குள்ளேயா? சுற்றிலும் வேலி உண்டா? அங்கேயே வளரும் நாய்கள் எத்தனை, அவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா? ராத்திரி யார் காவல்? பக்கத்தில் கால்நடை மருத்துவர் எந்த ஊரில்? கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிற இடம் நிஜமாகவே நாய்களைப் பார்த்த இடம்.

அனுமதி பற்றியும் கேளுங்கள். கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே, ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்துபோனார். கூடாரம் போட முறையான அனுமதி இல்லை என்பது அதன் பிறகே வெளியே வந்தது. காட்டை ஒட்டி அழகான இடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது யானை நடக்கும் வழியா என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, போகும் வழி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவு அது. ரயிலில் போகலாம் என்றால், நாயை முதல் வகுப்பில் கூபே என்ற தனி அறை முழுவதையும் நாமே எடுத்தால்தான் கூடவே வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். ஸ்லீப்பரிலோ மூன்றடுக்கு ஏசியிலோ ஏற்ற முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் நிறைய நாய்களுக்கு வாந்தி வரும். ஏற்காட்டுக்கு 20 வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வாந்தி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். மனிதர்களுக்கு வாங்கியதைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

அவிழ்த்து விடுவது

இதுதான் பெரிய தவறு. “பாவம், ஊர்ல கட்டியே கிடக்கு, இங்கயாவது ஓடட்டும்” என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கென்றே வளர்ந்த இனங்கள். கேளையாடு என்ற சின்ன மான் ஒன்று கண்ணில் பட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பயனும் இல்லை. எதிரே வருவது காட்டுமாடோ கரடியோ யானையோ என்றால் கதை வேறு மாதிரி முடியும். நாய் குரைக்கும், மிருகம் துரத்தும், நாய் பயந்து நேராக உங்களிடமே ஓடி வரும். பின்னாலேயே அதுவும் வரும்.

ராத்திரியில் சிறுத்தை. நாய் அதற்கு எளிதான இரை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டு வாசலில் கிடந்த நாயைச் சிறுத்தை கவ்விப்போவது கேமராவில் பதிவாகிச் செய்தியில் வந்துகொண்டேதான் இருக்கிறது. கூடார வாசலில் மரப்பலகை போட்டு அழகாகத் திண்ணை செய்திருப்பார்கள். அங்கே நாயைக் கட்டிவிட்டு உள்ளே தூங்குவது சிறுத்தைக்கு இலை போட்டு வைப்பது போல. இருட்டுவதற்கு முன்பே ஒன்றுக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். பிறகு நாய் உள்ளே, ஜிப் முழுதும் கீழே, கயிறு கட்டில் காலில். நடுராத்திரியில் கட்டாயம் வெளியே போக வேண்டி வந்தால், முதலில் உள்ளிருந்தே டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். குட்டையான கயிறோடு போய் உடனே திரும்பிவிடுங்கள்.

காட்டுக்கு நம் நாயாலும் ஆபத்து உண்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் காய்ச்சல் 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. 2018-ல் நம் நாட்டிலேயே கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றில் அதே வைரஸ் இருந்தது. மேற்கு மலைத்தொடரில் புலியும் செந்நாயும் வாழ்கின்றன. ஆகவே வெறிநாய்க்கடி ஊசியோடு டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ தடுப்பூசிகளும் பயணத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முதுமலை, ஆனைமலை, கொடைக்கானல் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் நாயைக் கூட்டிப்போகவே வேண்டாம். மலத்தையும் அள்ளிக் கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது

பார்பிக்யூ முடிந்து கரி கனன்றுகொண்டிருக்கும். வெளியே பல் கிட்டும் குளிர். “உள்ள வச்சா கதகதன்னு இருக்குமே” என்று யாராவது ஒருவர் சொல்வார். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்போடு அறைக்குள் தூங்கிய இரண்டு இளைஞர்கள் அப்படித்தான் இறந்தார்கள். கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினால் அதுவும் அறைதான். நாய்க்கும் அதே கதிதான்.

நம்மூர் நாய்களுக்கு மயிர் குட்டை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். அந்தக் குளிரில் வெறும் தரையில் படுக்க வைத்தால் இரவெல்லாம் நடுங்கும். அடியில் கனமான ஜமக்காளம், மேலே பழைய கம்பளி, அவ்வளவு போதும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு வேறு பிரச்சினை. வெயில் நேரத்தில் கூடாரத்துக்குள்ளோ நிறுத்திய காருக்குள்ளோ விட்டுப் போனால் அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். எந்த நாயையும் நிறுத்திய காரில் விட வேண்டாம் என்பது வேறு விஷயம்.

உண்ணியைச் சின்ன விஷயம் என்று நினைப்பது

போன வருஷம் திரும்பி வந்த மறுநாள் எங்கள் நாயின் காதைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்குள், கொத்துமல்லி விதை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று உப்பிக்கிடந்தது. கால்கள் தெரியவில்லை, தலை முழுதும் தோலுக்குள். பக்கத்து வீட்டு அக்கா “மண்ணெண்ணெய் தொட்டு வை, தானா விழுந்துடும்” என்றார். அப்படிச் செய்யக் கூடாது. மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி, நகத்தால் நசுக்குவது எல்லாமே உண்ணியின் வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள் கக்க வைக்கும். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப் பக்கம் பிடித்து, திருகாமல், மெதுவாக நேராக இழுக்க வேண்டும். வந்துவிடும். பிறகு அந்த இடத்தில் கிருமிநாசினி.

அதோடு முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் இன்னொரு தவறு. உண்ணிக் காய்ச்சல் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். பயணம் போனதை நாம் மறந்திருப்போம். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக “மலைக்குப் போய் வந்தோம்” என்று சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் என்ன தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். உண்ணி மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ கிளம்புவதற்குச் சில நாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1957-ல் கர்நாடகாவில் கியாசனூர் காட்டில் முதலில் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகத்தான் மனிதருக்கு வருகிறது. வயநாடு, நீலகிரி வரை அது பரவியிருக்கிறது. பனிக்காலம் முதல் கோடை முடியும்வரை அதிகம். குரங்குகள் செத்துக்கிடப்பதாகப் பேச்சு இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். காட்டு ஓரம் நடந்து வந்த நாயை உடம்பெல்லாம் தடவிப் பார்க்காமல் மெத்தையில் ஏற்றாதீர்கள்.

பரிசில் செய்யும் தவறுகள்

முதல் தவறு, கிளாம்பிங் பிடித்தவருக்குக் கூடாரம் வாங்கித் தருவது. அவர் அங்கே போவதே கூடாரம் தயாராக நிற்கிறது, அடிக்க வேண்டாம், மடிக்க வேண்டாம் என்பதற்காகத்தான். பத்துக் கிலோ கூடாரத்தை அவர் வீட்டுப் பரணில் ஏற்றிவைக்க நாம் பணம் செலவழித்ததாக ஆகும்.

அடுத்தது சாக்லேட் கூடை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வீட்டுத் தயாரிப்பு சாக்லேட்டுதான் எல்லோரும் வாங்குவது. அதில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருள் நாயின் உடம்பில் சீக்கிரம் கரையாது. 10 கிலோ நாய் 50 கிராம் டார்க் சாக்லேட் தின்றாலே வாந்தி, படபடப்பு எல்லாம் வரலாம். உலர்திராட்சை சேர்த்தது இன்னும் மோசம்; சிறுநீரகத்தையே பாதிக்கும். கூடாரத்தில் அலமாரி கிடையாது. நாய் எட்டாத உயரமும் கிடையாது. இதே காரணத்தால் பார்பிக்யூவில் மிஞ்சிய கோழி எலும்பும் வெங்காயமும் கூட நாய்ப்பக்கம் போகக் கூடாது.

வாசனை மெழுகுவத்தி, எண்ணெய் டிஃப்யூசர் இரண்டும் வேண்டாம். ஒன்று துணிக்கு நெருப்பு, இன்னொன்று நாயின் மூக்குக்குத் தொல்லை. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷமே. தேதி போட்ட தங்கும் வவுச்சர் வாங்கினால், நாயோடு போகிறவருக்கு அது செல்லுமா, எடை வரம்பு உண்டா, தனிக் கட்டணம் எவ்வளவு என்று நீங்களே விசாரித்து ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள்.

நான் தரும் பரிசுகள் எளிமையானவை. பவானி ஜமக்காளம் ஒன்று. கூடாரத் தரையில் விரித்தால் நாய்க்குப் படுக்கை, காலையில் புல்லில் விரித்தால் நமக்கு உட்கார. நாலைந்து ஈரிழைத் துண்டு; மழையில் நனைந்த நாயைத் துவட்டிப் பிழிந்து காயப்போட்டால் தடித்த டவல் காய்வதற்குள் இவை இரண்டு முறை காய்ந்துவிடும். சிவப்பு விளக்கு உள்ள தலை டார்ச், ஐந்து மீட்டர் கயிறு, உண்ணி இடுக்கி, போன் நம்பர் வெட்டிய கழுத்து வில்லை. அப்புறம் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். மலைகளில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அதைக் கட்டாயம் பயன்படுத்துவார்கள்.

என் தோழி ஒருத்திக்கு 12 வயது லாப்ரடார் இருக்கிறது. இடுப்பு மூட்டு தேய்ந்து படி ஏற முடியாது. அதை விட்டுவிட்டு எங்கும் போக மனசு வராமல் மூன்று வருஷமாக வீட்டிலேயே இருந்தாள். போன பிறந்தநாளுக்கு அவளுக்கு ஏலகிரியில் இரண்டு நாள் கூடாரம் பதிவு செய்து, “நீ போய்ட்டு வா, அவன நான் பாத்துக்கறேன்” என்று எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது வீட்டுச் சாவியோடு ஒரு நோட்டுத் தாளும் தந்தாள்: காலை ஏழுக்குப் பாதி மாத்திரை தயிர்ச்சோற்றில் வைத்து, பதினொன்றுக்கு முதுகைத் தடவி எழுப்பி வெளியே, ராத்திரி ஹால் விளக்கு எரிய வேண்டும்.