கோத்தகிரி பக்கம் வீட்டுக்கு சோலார் போடறவங்களுக்கு

மலையில குளிரு, சோலார் எடுக்காதுன்னு சொல்றத நம்பாதீங்க, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு ஏறினா உற்பத்தி குறையும், அதனால நம்ம குளிரு நல்லதுதான். பிரச்சனை மூடுபனியும் சில்வர் ஓக் மர நிழலும்.

முதல்ல காலைல ஒம்பது, மத்தியானம் பன்னண்டு, சாயங்காலம் மூணு மணிக்கு கூரை மேல நிழல் எங்க விழுதுன்னு போட்டோ எடுத்து வைங்க, ஒரு கிளை நிழல் ஓரமா விழுந்தாலே அந்த பேனல் வரிசை மொத்தமும் டல்லாயிடும். தெக்க பாத்த கூரை பெஸ்ட், மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் இறங்குற ஊர்னா தென்கிழக்கும் ஓகே. ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி வேணும்.

அப்புறம் 2024ல வந்த பிஎம் சூர்யா கர், அதாவது வீட்டு சோலாருக்கு மத்திய அரசு மானியம் தர்ற திட்டம், அதோட போர்ட்டல்ல ஈபி சர்வீஸ் நம்பர் போட்டு அப்ளை பண்ணுங்க. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபா. அந்த போர்ட்டல் லிஸ்ட்ல இருக்கற வெண்டர்கிட்ட, இந்தியால செஞ்ச செல் போட்ட பேனல்தான் வேணும்னு கேளுங்க, இல்லன்னா மானியம் வராது. வேலை முடிஞ்சு ஈபி செக் பண்ணி மீட்டர் மாத்தினப்புறம்தான் பணம் பேங்க்ல ஏறும்.

முக்கியமா, சாதா ஆன்கிரிட், அதாவது பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேர்ந்து ஓடற சோலார், கரண்ட் போனா தானும் நின்னுடும், மழைக்கு மரம் சாஞ்சு அடிக்கடி லைன் போற இடம்னா கரண்ட் போனாலும் ஓடற மாதிரி பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் பாருங்க.