மாணவர் குழுவுக்கு நிதி தேடுவது: ஒரு முன்னாள் பொருளாளர் சொல்வது

எங்கள் குழுவில் பொருளாளர் ஆக யாரும் முன்வராததால் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஆற்று நீரின் தரத்தை அளக்கும் மலிவான கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். நிரல் எழுத ஆள் இருந்தது, சால்டரிங் செய்ய ஆள் இருந்தது, சென்சார் வாங்கத்தான் காசு இல்லை. முதல் மாதம் முழுக்க "மாணவர்களுக்கு நிதியுதவி" என்று கணினியில் தட்டித் தட்டிப் பார்த்தேன். வந்து விழுந்ததில் பாதி கல்வி உதவித்தொகை, மீதி கடைசித் தேதி தாண்டிப்போனவை. உதவித்தொகை ஆளுக்குக் கிடைப்பது, மானியம் செய்யும் திட்டத்துக்குக் கிடைப்பது. இந்த வேறுபாடு புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம் தலைகீழாகத் தேடினேன். எங்களைப் போலவே நீர், காற்று, மண் என்று அளந்துகொண்டிருந்த மற்ற பல்கலைக்கழகக் குழுக்களைக் கண்டுபிடித்து, அவர்களுடைய சுவரொட்டியின் அடியில் இருக்கும் சின்னங்கள், ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கம், ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரை எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரே மாலையில் நிதி தரும் பதினான்கு அமைப்புகளின் பெயர்கள் கிடைத்தன. அதில் நான்கு எங்களுக்கும் பொருந்தின. ஒரு மாதத் தேடலில் கிடைக்காதது அது.

அதோடு விடாமல் அந்தக் குழுக்களுக்கே எழுதினேன். எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு கொடுத்தார்கள், பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆனது என்று மூன்றே கேள்விகள். ஐந்து பேருக்கு எழுதியதில் இரண்டு பேர் பதில் போட்டார்கள், ஒருவர் தன் விண்ணப்பத்தையே அனுப்பிவைத்தார். தேர்வான ஒரு விண்ணப்பத்தைக் கண்ணால் பார்ப்பது, எழுதுவது எப்படி என்று பத்துப் பேர் சொல்லிக் கேட்பதைவிட மேல்.

வெளியே கை நீட்டுவதற்கு முன் வளாகத்துக்குள் கேளுங்கள். மாணவர் பேரவை, உங்கள் துறை, முன்னாள் மாணவர் அலுவலகம் மூன்றும் போதும். பல துறைகளில் நிதியாண்டுக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். ஆகவே ஆண்டு முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு துறைத் தலைவரைப் பாருங்கள். முன்னாள் மாணவர்களிடம் "உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் வாழ்த்துதான் வரும். "இந்தச் சென்சார் நான்கு வேண்டும்" என்றால் சென்சார் வரும்.

வெளியே போகும்போது முதலில் உங்கள் துறைசார்ந்த சங்கங்கள். பொறியியல் என்றால், மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐ ட்ரிபிள் ஈ (IEEE) அமைப்பின் எபிக்ஸ் (EPICS) திட்டம் இருக்கிறது. சமூகத்துக்குப் பயன்படும் மாணவர் பொறியியல் திட்டங்களுக்குப் பணம் தருவதே அதன் வேலை. ஆனால் உங்களோடு கைகோத்து நிற்க ஒரு சமூக அமைப்பு வேண்டும், அதை முன்கூட்டியே பேசி வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஆசம் ஃபவுண்டேஷன் (Awesome Foundation). 2009இல் பாஸ்டனில் தொடங்கி இப்போது பல ஊர்களில் கிளைகள். உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, ஒரு திட்டத்துக்கு 1,000 டாலர் என்ற கணக்கில் கொடுக்கிறார்கள். படிவம் சின்னது, நிபந்தனையும் கிடையாது. முதன்முதலாக விண்ணப்பம் எழுதிப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பெரிய தொகை வேண்டுமென்றால், அமைதிக்கு உதவும் மாணவர் திட்டங்களுக்குப் பணம் தரும் புராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ் (Projects for Peace) போன்றவை. கேத்ரின் டேவிஸ் என்ற அம்மையார் தன் நூறாவது வயதில், 2007இல் தொடங்கிவைத்தது. திட்டத்துக்கு 10,000 டாலர். தொகையைப் பார்த்து மயங்கி இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், இணைந்திருக்கும் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மட்டுமாம். எங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இல்லை. தகுதிப் பக்கத்தை முதலில் படியுங்கள், தொகையை அப்புறம் பார்க்கலாம்.

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்: பணம் யார் பெயருக்கு வரும்? மாணவர் குழுவுக்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கும் இருக்காது, சட்டப்படி பதிவும் இருக்காது. எங்களுக்கு முதல் மானியம் கிடைத்தபோது காசோலை குழுவின் பெயரில் வந்தது. அந்தப் பெயரில் கணக்கே இல்லை. திருப்பி அனுப்பி, பல்கலைக்கழகத்தின் பெயரில் மாற்றி வாங்கி, நிதி அலுவலகத்தில் கையெழுத்துகள் வாங்கி முடிக்க மூன்று மாதம். வெள்ளத்தின்போது ஆற்றை அளக்கத் திட்டம் போட்டிருந்தோம். வெள்ளம் வடிந்த பிறகுதான் சென்சார் வந்தது.

அதனால் எழுத உட்காரும் முன்பே நிதி அலுவலகத்துக்குப் போய், வெளிப் பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவீர்கள், நிர்வாகச் செலவு என்று எத்தனை விழுக்காடு பிடிப்பீர்கள், பொருள் வாங்க யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அங்கே வழியில்லை என்றால், பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் சார்பில் பணத்தை வாங்கிச் செலவு செய்ய முன்வருமா என்று பாருங்கள். அவர்களும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள், நியாயம்தான். மானியம் தருபவருக்கு இந்த ஏற்பாடு சம்மதமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் "இதர செலவுகள்" என்று ஒரு பெரிய தொகையைப் போடாதீர்கள். படிப்பவரின் கண் நேரே அங்கேதான் போகும். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை, விலை, அது எதற்கு என்று அரை வரி. சாப்பாடு, பயணம், உறுப்பினர்களுக்குச் சம்பளம் இவற்றுக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை, விதியைப் பாருங்கள். மொத்தத் தொகையையும் ஒருவரிடமே கேட்க வேண்டியதில்லை. ஆய்வகத்தை இலவசமாகத் தருகிறார்கள் என்றால் அதையும் உங்கள் பங்காகக் காட்டுங்கள், பலம் கூடும். விண்ணப்பத்தின் சுருக்கத்தை வேறு துறை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எனக்குத் தமிழிலக்கியம் படித்த அறைத்தோழன் கிடைத்தான். "எல்லாம் சரி, கருவி செஞ்சதும் யாருக்கு என்ன ஆகும்?" என்றான். அந்த பதிலே இல்லாமல் நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

பணம் வந்த நாளிலிருந்தே ரசீதுகளைப் படமெடுத்து ஒரே கோப்புறையில் போடுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். செலவு அறிக்கையைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், வேலை நடக்கும் படம் இரண்டு சேர்த்து. பதவியை ஒப்படைத்தபோது அடுத்த பொருளாளரிடம் நான் கொடுத்த கோப்பில் அந்தப் பதினான்கு பெயர்கள், ஒவ்வொன்றின் கடைசித் தேதி, நிராகரித்தவர்கள் சொன்ன காரணம், நிதி அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, இவ்வளவும் இருந்தன.