தலைவர் கட்டுரையில் தகராறு வந்தால்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கட்டுரை. முதல் வரியே 'ஏழைகளின் விடிவெள்ளி'. நீக்கினேன், பத்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. மறுபடி நீக்கக் கை பரபரக்கும். வேண்டாம், மாற்றி மாற்றி மீளமைத்தால் நமக்கே தடை விழலாம். கட்டுரையோடு சேர்ந்தே இருக்கும் 'உரையாடல்' பக்கத்துக்குப் போய், எந்த வரி, ஏன் சரியில்லை என்று எழுதுங்கள்.

அப்புறம் சான்று. முரசொலி போன்ற கட்சி நாளேடு, கட்சி என்ன சொன்னது என்பதற்குப் போதும். புகழுக்கோ எதிராளி மீதான குற்றச்சாட்டுக்கோ போதாது. வழக்கு விவரமா? வேட்பாளரே வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தோடு நிற்காமல், பொதுவான நாளிதழ்ச் செய்தியையும் தேடுங்கள். 'வழக்கு நிலுவையில்' என்றிருப்பதைக் 'குற்றவாளி' ஆக்கிவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர் மீது சான்றே இல்லாத பழி இருந்தால் மட்டும், உரையாடலுக்குக் காத்திருக்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.